புது வீட்டுக்கு வைஃபை, டி.வி கனெக்‌ஷன்... பணம் கட்டும் முன் இதைப் படிங்க!

சாவி கைக்கு வந்தாச்சு, பாலும் காய்ச்சியாச்சு. அடுத்த நாளே வீட்டில் எழும் முதல் கேள்வி, "வைஃபை எப்போ வரும்?" உடனே மொபைலை எடுத்து, விளம்பரத்தில் பார்த்த கம்பெனிக்கு ஒரு வருஷப் பணத்தை மொத்தமாகக் கட்டிடாதீங்க. கொஞ்சம் பொறுங்க!

பக்கத்து வீட்டைக் கேளுங்க

ஊர் முழுக்கப் பேர் வாங்கிய நிறுவனம்கூட உங்க தெருவில் சொதப்பலாம். கேபிள் அறுந்தால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருகிறார் என்பது விளம்பரத்தில் இருக்காது. அது எதிர் வீட்டுக்காரருக்குத்தான் தெரியும். "என்ன லைன் போட்டிருக்கீங்க, சாயங்காலம் ஸ்பீடு எப்படி, ரிப்பேர்னா எப்போ வர்றாங்க?" இந்த மூணு கேள்வியை ரெண்டு, மூணு வீடுகளில் கேட்டாலே பாதி முடிவு எடுத்த மாதிரிதான்.

எவ்வளவு ஸ்பீடு போதும்?

பிளானில் இருக்கும் 100 Mbps என்பது மெகாபிட் கணக்கு. எட்டால் வகுத்தால் விநாடிக்கு 12.5 மெகாபைட். 4K வீடியோவுக்கு நெட்ஃப்ளிக்ஸ் கேட்பது 15 Mbps, ஃபுல் ஹெச்.டி-க்கு 5 Mbps. ஒருத்தர் 4K படம், ஒருத்தர் ஆபீஸ் வீடியோ கால், இன்னொருத்தர் ரீல்ஸ் என்றாலும் 50 Mbps தாராளம். பெட்ரூமில் சிக்னல் வரலைன்னா பெரும்பாலும் குறை பிளானில் இல்லை, ரவுட்டர் இருக்கும் இடத்தில்தான். 5 GHz சிக்னல் வேகமானது, ஆனா சுவர் தாண்டத் திணறும். ரவுட்டரை வாசல் மூலையில் மாட்ட விடாமல், வீட்டின் நடுவில் வைக்கச் சொல்லுங்க. கரன்ட் போனால் ரவுட்டரும் அணைஞ்சிடும். வொர்க் ஃப்ரம் ஹோம் என்றால் ரவுட்டருக்கான சின்ன யு.பி.எஸ் ஒன்றையும் வாங்கிடுங்க.

டி.வி-க்கு தனி கனெக்‌ஷன் வேணுமா?

இதை நீங்க மட்டும் முடிவு பண்ணாதீங்க. உங்களுக்கு ஓ.டி.டி போதும். அம்மாவுக்கு ரிமோட்டில் ஒரு நம்பரை அழுத்தினா சீரியல் வரணும். அப்படின்னா கேபிளோ டி.டி.ஹெச்-சோ வேணும். டி.டி.ஹெச்-சில் கனமழை பெய்தால் படம் நிற்கும். அபார்ட்மென்ட் என்றால் மொட்டை மாடியில் டிஷ் வைக்க அனுமதியும் கேட்கணும். 2019 முதல், வேண்டிய சேனலை மட்டும் தேர்ந்தெடுக்கும் உரிமையை டிராய் விதிகள் தருகின்றன. பார்க்காத சேனல்கள் நிறைந்த பேக்கை நீங்க சுமக்க வேண்டியதில்லை. டி.டி ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதக் கட்டணமே கிடையாது, ஆனா முன்னணி தமிழ் சேனல்களை அதில் எதிர்பார்க்க முடியாது.

11 மாதம், 12 மாதம்

வாடகை வீடுகளில் நிறைய பேர் மாட்டிக்கிறது இங்கேதான். அக்ரிமென்ட் பெரும்பாலும் 11 மாதம். நீங்க கட்டுறதோ 12 மாத பிளான். நடுவில் காலி பண்ணச் சொன்னால், போகிற ஏரியாவில் அந்த கம்பெனி லைன் இருக்குமா? இல்லைன்னா மீதிப் பணம் திரும்ப வருமா? இதை முதலிலேயே கேட்டு, பதிலை மெசேஜிலோ மெயிலிலோ வாங்கி வெச்சுக்கோங்க. முதல் ஒன்றிரண்டு மாதம் மாதக் கட்டணத்திலேயே ஓட்டிப் பாருங்க. ராத்திரி ஒன்பது மணிக்கும் ஸ்பீடு நின்னா, அப்புறம் வருஷ பிளானுக்குப் போகலாம்.

கையெழுத்துக்கு முன்...

* 499 ரூபாய் பிளான், 18% ஜி.எஸ்.டி சேர்ந்தால் கிட்டத்தட்ட 589 ரூபாய்.
* 'அன்லிமிடெட்' என்றாலும் டேட்டா வரம்பு உண்டா, தாண்டினால் ஸ்பீடு எவ்வளவு குறையும்?
* ரவுட்டர் யாருக்குச் சொந்தம், டெபாசிட் திரும்பக் கிடைக்குமா?
* இலவச ஓ.டி.டி எத்தனை மாதத்துக்கு?

புகார் கொடுக்கும்போதெல்லாம் புகார் எண்ணை வாங்கி வெச்சுக்கோங்க. கஸ்டமர் கேர் கைவிட்டால், அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போக அந்த நம்பர்தான் உங்க கையில் இருக்கும் ஆதாரம்.

ஆக, இன்னைக்கு சாயங்காலம் முதல் வேலை, பக்கத்து வீட்டு காலிங் பெல். புது வீட்டில் அறிமுகமான மாதிரியும் ஆச்சு!