யாழ்ப்பாணச் சைவ மணவினையில் மணமகன், தோழன் உடைத் தெரிவு

திறவுச்சொற்கள்: மணவினை, தோழன், தலைப்பாகை, உறவுமுறை, புலம்பெயர் தமிழர்

முன்னுரை

திருமண உடையைத் தெரிவுசெய்தல் தனிமனித விருப்பம் சார்ந்ததாகவே இன்று பெரிதும் கருதப்படுகிறது. ஆயின் யாழ்ப்பாணச் சைவ மணவினையில் மணமகனும் தோழனும் அணியும் உடை சடங்கின் தேவையாலும் உறவுமுறையாலும் வரையறுக்கப்பட்டதாகும். அவ்வரையறை நெகிழும்போது மறைவது யாது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

மணமகன் உடை

பட்டு வேட்டி, சால்வை, தலைப்பாகை ஆகிய மூன்றும் மணமகனுக்கு உரியன. மணமகன் வேள்வித்தீயின் முன் நெடுநேரம் சம்மணமிட்டு அமர்கிறான். பூணூலும் தர்ப்பையும் தரிக்கிறான். குனிந்து மணமகளின் பாதத்தை எடுத்து அம்மிமீது வைக்கிறான். தீயை வலம் வருகிறான். இவ்வினைகளுக்கெல்லாம் தைக்கப்படாத வேட்டியும் சால்வையும் இடந்தருகின்றன. உடலை இறுக்கித் தைத்த சேர்வானி வரவேற்பு நிகழ்வுக்குப் பொருந்தலாம். பூணூல் தரிக்கும் வினைக்கு அது இடையூறாகும்.

தோழன் எனும் உறவு

‘தோழன்’ என்னும் சொல் பொதுவழக்கில் நண்பனைச் சுட்டும். மணவினையிலோ அஃது ஓர் உறவுப்பொறுப்பின் பெயர். பெரும்பாலும் மணமகளின் சகோதரனே தோழனாகிறான். மண்டப வாயிலில் அவன் மணமகனின் கால்களைக் கழுவுகிறான். மணமகன் அவனுக்கு மோதிரம் அணிவிக்கிறான். அவ்வாறே தோழியாக நிற்பவள் பெரும்பாலும் மணமகனின் சகோதரி.

தொல்காப்பியம் தோழியைச் செவிலியின் மகளாகக் கூறித் தலைவியின் பக்கத்தவளாகக் காட்டுகிறது. தலைவனின் துணைவன் பாங்கன். மணவினையில் இந்நிலை மாறி, ஒவ்வொரு துணையும் எதிர்க்குடும்பத்திலிருந்து வருகிறது. இரு குடும்பங்களும் இணைவதை இவ்விடமாற்றம் புலப்படுத்துகிறது எனலாம்.

தலைப்பாகையின் பொருள்

தோழனும் மணமகனைப் போன்றே வேட்டி, சால்வை, தலைப்பாகை அணிகிறான். கால்கழுவுதல் பணிவைக் காட்டும் செயல். அதனைச் செய்பவன் மணமகனுக்கு நிகரான உடையில் நிற்பதால், அப்பணிவு தாழ்வாகாமல் வரவேற்பாகிறது. மோதிரமும் கூலியாகாமல் மைத்துனனுக்குச் செய்யும் சிறப்பாகிறது. இங்ஙனம் உடையே அச்செயலின் பொருளை நிலைநிறுத்துகிறது.

சீருடை வழக்கம்

மேலை மணவிழாக்களில் மணமகனின் நண்பர்களும் சகோதரர்களும் ஒரேவகை உடையணிந்து அவனுக்குத் துணைநிற்பர். இவ்வழக்கம் கனடா, பிரித்தானியா முதலிய நாடுகளில் வாழும் ஈழத்தமிழரின் மணவிழாக்களிலும் இடம்பெறுகிறது. நண்பர்கள் ஒரே நிறக் குர்தா அணிவதால் சடங்கிற்குக் குறையொன்றுமில்லை. தோழனும் அதே குர்தாவுடன் அவ்வரிசையில் நிற்கும்போதே சிக்கல் எழுகிறது. மணமகள் வீட்டின் சார்பில் நிற்பவன், காண்போர் கண்ணுக்கு மணமகனின் நண்பர்களுள் ஒருவனாகிவிடுகிறான். ‘தோழன்’ என்பதை மேலை மரபின் மணமகன் துணைவனுக்கு நிகராகக் கொண்டு மொழிபெயர்ப்பதும் இம்மயக்கத்தை வளர்க்கிறது.

முடிவுரை

உடைத் தெரிவில் பின்பற்றத்தக்க வரிசையைச் சடங்கே காட்டுகிறது. முதலில் மணமகனின் உடை வினைகளுக்கு ஏற்ப அமைதல் வேண்டும். அடுத்துத் தோழனின் உடை அதற்கு இணையாக அமைதல் வேண்டும். நண்பர்களின் உடை இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டிருத்தல் நன்று. இவ்வேறுபாட்டைப் பேணினால் புதிய வழக்கத்திற்கும் இடமுண்டு. மைத்துனனின் இடமும் மறையாது. துணியின் விலையோ நிறமோ மாறுவதால் இம்மரபு சிதைவதில்லை; தோழன் யாருடைய சகோதரன் என்பது கண்ணுக்குப் புலப்படாதபோதே சிதைகிறது.