தொலைபேசிக் கம்பியில் பின்னிய வாழ்வு

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் வாழும் ஜூலு மக்கள், சோளத்திலிருந்து தயாரிக்கும் பீரை ‘உகாம்பா’ என்னும் மண்கலத்தில் வைப்பர். அதன் வாயில், புல்லாலும் ஓலையாலும் பின்னிய ‘இம்பெங்கே’ என்னும் சிறு கிண்ணத்தை மூடியாகக் கவிழ்ப்பர். இன்று உலகின் அருங்காட்சியகங்களில் இடம்பெறும் வண்ணக் கம்பிக் கூடைகளுக்கு இந்த எளிய மூடியே முன்னோடி.

பிழைப்புத் தேடி டர்பன் முதலிய நகரங்களுக்கு வந்த ஜூலு ஆடவர் பலர் இரவுக் காவலர்களாகப் பணிபுரிந்தனர். கைத்தடியில் உலோகக் கம்பி சுற்றி அழகுபடுத்துவது அவர்களது பழைய மரபு. நகரத்தில் எளிதில் கிடைத்தவை கழித்துப் போட்ட தொலைபேசிக் கம்பித் துண்டுகள். நீண்ட இரவுகளில் அவற்றைத் தடியில் சுற்றியவர்கள், பின்னர் இம்பெங்கேயையும் அதே கம்பியால் பின்னத் தொடங்கினர். காவலராக இருந்து கலைஞராகப் புகழ்பெற்ற எலியட் ம்கீசே இம்முன்னோடிகளுள் ஒருவர்.

தொலைபேசி வடத்தினுள் மெல்லிய செம்புக் கம்பிகள் பல உள்ளன. இணைப்புகளை அடையாளம் காண ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு வண்ணத்தில் பிளாஸ்டிக் உறை உண்டு. இவ்வண்ணங்களே கூடையின் கோலங்களாகின்றன. கிண்ண வடிவ அச்சின் மீது நடுவிலிருந்து தொடங்கிச் சுற்றுச் சுற்றாகப் பின்னுவது ஒரு முறை. உறுதியான எஃகுக் கம்பியைச் சுருளாக வளைத்து, அதன்மேல் வண்ணக் கம்பியைச் சுற்றிக்கொண்டே செல்வது மற்றொரு முறை.

கூடைகளுக்குத் தேவை பெருகியபோது கழிவுக் கம்பி போதவில்லை. வடங்களை அறுத்துத் திருடிய கம்பியும் சந்தையில் புழங்கியது. இதற்குத் தீர்வாக, உற்பத்தியாளரிடமிருந்தே கம்பியை வாங்கி நெசவாளர்களுக்கு அளிக்கும் ஏற்பாடு டர்பனில் உருவாயிற்று. தொழில் நேர்மையான பாதைக்கு வந்தது. ஆனால் செலவின்றிக் கிடைத்த மூலப்பொருள் முதலீடு கோரும் பொருளாயிற்று. ஆர்டர் கையில் இருந்தும் கம்பி வாங்கப் பணமில்லாதவர் வேலையின்றிக் காத்திருக்க வேண்டும். விற்ற பணம் முழுவதும் வீட்டுச் செலவில் கரைந்தால் அடுத்த கூடை உருவாகாது.

கம்பியின் விலை செம்புச் சந்தையைப் பொறுத்தது. நெசவாளர் அதை மாற்ற இயலாது. அவர் விட்டுக்கொடுக்கக்கூடியது தம் உழைப்பின் கூலியை மட்டுமே. ஆகவே, கைவினைப் பொருளுக்கு நாம் பேரம் பேசிக் குறைக்கும் ஒவ்வொரு தொகையும் பெரும்பாலும் அக்கூலியிலிருந்தே கழிகிறது என்பதை நினைவிற்கொள்வது நலம்.