காலம் காட்டும் பறவை

சிறைக்கூடத்திலே பிறந்து உலக இலக்கியத்தில் இடம்பெற்ற நூல்கள் பல உள. ஜோன் பன்யன் பெட்பர்ட் சிறையிலிருந்து எழுதினார். ஜவகர்லால் நேரு அகமத்நகர்க் கோட்டையிலிருந்து இந்தியாவின் வரலாற்றை ஆராய்ந்தார். தாம் எதன்பொருட்டுச் சிறைப்பட்டோம் என்பதை அவ்விருவரும் அறிந்திருந்தனர். குற்றம் எதுவும் சாட்டப்படாமல், விடுதலை நாள் இதுவென அறியாமல் அடைபட்டிருந்த ஒருவர் எழுதிய நூல் 2018 ஆம் ஆண்டில் வெளிவந்தது. பெஹ்ரூஸ் பூச்சானி என்னும் குர்திய எழுத்தாளரின் 'மலைகளன்றி நண்பரில்லை' என்பதே அந்நூல்.

பூச்சானி ஈரானைச் சேர்ந்தவர். தாம் பணிபுரிந்த குர்தியச் சஞ்சிகையின் அலுவலகம் சோதனையிடப்பட்டுச் சக எழுத்தாளர் கைதாகவே, 2013 ஆம் ஆண்டில் நாட்டைவிட்டு வெளியேறினார். இந்தோனேசியாவிலிருந்து படகேறி அவுஸ்திரேலியாவை நாடினார். அவ்வாண்டு ஜூலை 19 ஆம் திகதியன்றுதான், படகில் வரும் அகதி எவரும் இனி அவுஸ்திரேலியாவிற் குடியேற்றப்படார் என்று அந்நாட்டுப் பிரதமர் அறிவித்திருந்தார். சில நாட்களே பிந்தி வந்த பூச்சானி, பப்புவா நியூகினிக்குரிய மானுஸ் தீவிலே அடைக்கப்பட்டார்.

அங்கிருந்தே அவர் நூலை எழுதினார். தாளில் எழுதினால் காவலர் பறித்துவிடுவர் என்றஞ்சி, மறைத்து வைத்திருந்த கைத்தொலைபேசியிலே பாரசீக மொழியில் சிறுசிறு துணுக்குகளாக எழுதி, வட்ஸ்அப் வழியாக நண்பர்களுக்கு அனுப்பினார். ஒமிட் டொபிகியன் அதனை ஆங்கிலமாக்கினார். 2019 ஜனவரியில் விக்டோரியா மாநிலத்தின் உயர்ந்த இலக்கியப் பரிசான 1 இலட்சம் டொலர் அதற்குக் கிடைத்தது. நூலைப் பாராட்டிய நாடு நூலாசிரியரை உள்ளே விடவில்லை. பரிசளிப்பு விழா மெல்பேணில் நடந்தபோதும் அவர் மானுஸ் தீவிலேயே இருந்தார்.

மானுஸ் தீவிலே சௌக்கா என்றொரு பறவை உண்டு. அதன் குரலைக் கொண்டே பொழுதறிவோம் என்பர் தீவு மக்கள். முகாமின் தனிமைச் சிறைக்கூடத்துக்கும் அப்பெயரையே அதிகாரிகள் இட்டிருந்தனர். தொலைபேசியாற் படம்பிடித்து 2017 இல் வெளியிட்ட திரைப்படத்திலே, நேரம் என்னவென்று சொல்லும்படி பூச்சானி அப்பறவையிடமே கேட்டார். காலவரையறையற்ற காவலின் கொடுமையெல்லாம் அக்கேள்வியில் அடங்கிவிடுகிறது. கொலைக்குற்றவாளிகூடச் சிறைச்சுவரிலே நாளை எண்ணிக் கோடு கீறலாம். அகதியோ எதிலிருந்து எதைக் கழிப்பான்?

சட்டம் இதனை அனுமதிக்கிறதா? அடைக்கலம் கோரும் உரிமையை 1948 ஆம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனம் ஏற்றுக்கொண்டது. அது நிறைவேறியபோது ஐக்கிய நாடுகள் பொதுச்சபையின் தலைவராக இருந்தவர் அவுஸ்திரேலியரான எவற் என்பார். உயிருக்கஞ்சி நேரே வந்து, தாமதமின்றித் தம்மை வெளிப்படுத்தும் அகதிகளைச் சட்டவிரோத நுழைவுக்காகத் தண்டித்தலாகாது என்கிறது 1951 ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை. ஆறு நாடுகள் இணைந்தாலே அது நடைமுறைக்கு வரும் என்றிருந்தது. ஆறாவதாக 1954 இல் இணைந்து அதற்கு உயிர்கொடுத்த நாடும் அவுஸ்திரேலியாவே.

மானுஸ் முகாமின் காவல் அரசியலமைப்புக்கு முரணானது என்று பப்புவா நியூகினி உயர் நீதிமன்றம் 2016 இல் தீர்ப்பளித்தது. அங்கு அடைபட்ட ஏறக்குறைய 1,900 பேருக்கு 7 கோடி டொலர் கொடுக்க அவுஸ்திரேலிய அரசு 2017 இல் உடன்பட்டது. அனுப்பிவைக்க நாடில்லாத ஒருவரைக் காலவரையறையின்றி அடைக்கலாம் என்று 2004 இல் தீர்ப்பளித்த அந்நாட்டு உயர் நீதிமன்றமே, 2023 இல் அதனை மாற்றியது.

"எல்லையைக் காப்பது அரசின் கடமையன்றோ?" என்பார் உளர். உண்மையே. வருபவர் யார், நோயுடையவரா, தீங்கு நினைப்பவரா என்று அறிய அரசுக்கு உரிமையுண்டு. அதற்குச் சில நாட்களோ வாரங்களோ போதும், ஆண்டுகள் வேண்டா. பின்னர் அவரை ஊர் மக்களிடையே வாழவிட்டு, குறித்த நாளில் வந்து கையொப்பமிடச் செய்து, வேலைசெய்யவும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவும் இடமளித்து, வழக்கை விசாரிக்கலாம். "சிலரை வருத்தினால் ஏனையோர் கடலில் இறங்கார், உயிர்கள் பிழைக்கும்" என்பது மற்றொரு வாதம். கடலில் மாண்டோர் பலர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் ஒருவனை எச்சரிப்பதற்காக இன்னொருவனை வருத்துவது எந்த அறத்தின்பாற்படும்? நேர்வழி அடைபட்டிருப்பதாலன்றோ படகுத் தரகனுக்குப் பிழைப்பு நடக்கிறது?

மாற்றுவழி கனவன்று, நம்மவர் கண்டதே. 1986 ஆகஸ்ட் மாதத்தில், கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கடலிலே இரு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 ஈழத்தமிழரை மீனவர்கள் காப்பாற்றினர். இந்தியாவிலிருந்து வந்தோம் என்று அவர்கள் முதலிற் கூறியது பொய். மேற்கு ஜேர்மனியிலிருந்தே கப்பலேறினர் என்பது சில நாட்களில் வெளியாயிற்று. அப்போதும் கனடா அவர்களைச் சிறையிலிடவில்லை. பல்கலைக்கழக விடுதியிலே தங்கவைத்தது. ஓராண்டு அனுமதி தந்து, வாழவும் உழைக்கவும் விட்டது. மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் சென்று அவர்கள் வாழ்வமைத்தனர். முப்பது ஆண்டுகள் கழிந்தபின், அவர்களுட் சிலர் தம்மைக் காத்த மீனவரைத் தேடிச்சென்று நன்றி கூறினர்.

2010 ஆம் ஆண்டில் 492 தமிழர் கப்பலொன்றில் அதே கனடாவின் மேற்குக்கரையை அடைந்தனர். இம்முறை அவர்களை வரவேற்றது சிறையே. தாய்மாரும் குழந்தைகளும் அதற்கு விலக்கல்லர். மாதக்கணக்காக அடைபட்டோர் பலர். நாடும் ஒன்று, வந்த மக்களும் ஒன்று. மாறியது வரவேற்றவரின் மனமே. மாறிய மனம் மீண்டும் மாறாதென யார் சொல்வார்?

பூச்சானி 2019 நவம்பரில் எழுத்தாளர் விழாவொன்றின் அழைப்பில் நியூசிலாந்து சென்றார். அடுத்த ஆண்டில் அந்நாடு அவருக்கு அடைக்கலம் அளித்தது. அவருடைய எழுத்து அவருக்கு வாயிலைத் திறந்தது. எழுத அறியாதவருக்கு எது திறக்கும்? ஆசிரியர்களும் மாணவர்களும் இந்நூலைத் தேடிப் படித்தல் வேண்டும். குர்தியரின் துயரைக் கேட்டு இரங்குவதோடு நில்லாது, நம் நாட்டிலே அடைக்கலம் கேட்டு வருவோரையும் நம்மவராக எண்ணுதல் வேண்டும். கடல்கடந்து கதவு தட்டிய இனம், தன் கதவு தட்டப்படும்போது செவிடாயிருத்தல் தகுமா?