வாவிக்கரைக் கண்ணாக் காடும் நெல்வயலும்

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் அதன் ஓரமாகக் கண்ணாவும் தில்லையும் அடர்ந்து நின்ற இடங்கள் பலவற்றில் இன்று வெறுஞ்சேறே காணப்படுகின்றது. விறகுக்காகவும், வயலைச் சிறிது நீட்டிக்கொள்ளும் பொருட்டும் அவை வெட்டப்பட்டன.

வெட்டிய நிலத்தில் நெல் விளையுமா என்பதே கமக்காரர் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி. கண்ணாக் காட்டின் சேறு காற்றுப் புகாதது. உவர்நீரிலுள்ள கந்தகம் அங்கே இரும்புடன் கூடித் தங்குகின்றது. சேறு நனைந்திருக்கும்வரை இதனால் தீங்கில்லை. அணைகட்டி நீரை வடித்து நிலத்தை உலர்த்தினால், காற்றுப்பட்டு அக்கலவை கந்தகத் திராவகமாக மாறும். மண்ணில் வைக்கோல் நிறக் கோடுகளும், வாய்க்காலில் துருநிறப் படையும் தோன்றும். நெல்லின் வேர் கருகும். இதனைத் திருத்தப் பெருந்தொகையான சுண்ணாம்பு வேண்டும். அச்செலவை அந்நிலம் ஈடுசெய்வது அரிது. கண்ணா நிற்கும் எல்லா நிலமும் இத்தகையதன்று. எனினும் சோதியாமல் வெட்டியவர் காட்டையும் இழந்து வயலையும் பெறாதிருத்தல் கூடும். காடு நின்றாலோ மாரி வெள்ளத்தில் கரைமண் அரிக்கப்படாது. இறால், நண்டுக் குஞ்சுகளும் அதன் வேர்களிடையே வளரும்.

காட்டை ஒதுக்கமாக்குவது அரசாங்கத்தின் வேலை மாத்திரமே என எண்ணுதல் தவறு. 1970ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் ஒட்டுப்பலகைக்காகச் சிங்கராஜ வனத்தில் மரம் வெட்டத் தொடங்கியபோது, பொதுமக்களும் இயற்கை ஆர்வலரும் ஓயாது எதிர்த்தனர். வெட்டு நிறுத்தப்பட்டது. 1978இல் அவ்வனம் உயிர்க்கோள ஒதுக்கமாகவும், 1988இல் உலக மரபுரிமையாகவும் ஏற்கப்பட்டது. கண்ணாக் காடுகளுக்கும் அத்தகைய முயற்சி பிறந்தது. 2015இல், கரையோரப் பெண்களுக்குச் சிறுகடனும் தொழிற்பயிற்சியும் அளித்து, அவர்கள் குழுக்களாகக் காட்டைக் காக்கும் திட்டம் நாடளாவத் தொடங்கப்பட்டது. விறகுக்குக் கண்ணாவையே நம்பியிருந்த குடும்பத்தை வெறுங்கையுடன் விலகச் சொல்வதிற் பயனில்லை என்பதை அத்திட்டம் உணர்ந்திருந்தது.

கன்று நடுதல் மட்டும் போதும் என்பாருமுளர். 2004ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின் நாட்டில் கண்ணா நடப்பட்ட 23 இடங்களை ஆராய்ந்தபோது, 9 இடங்களில் ஒரு கன்றேனும் பிழைத்திருக்கவில்லை. நீர்மட்டம் பாராது நட்டமையும், நட்டபின் கவனியாமையும், கால்நடைகள் மேய்ந்தமையுமே முக்கிய காரணங்கள். நாற்றுநடும் கமக்காரருக்கு இது வியப்பன்று. தாய்மரங்கள் அருகிலிருப்பின் விதைகள் தாமே மிதந்துவந்து ஏற்ற இடத்தில் வேரூன்றும். அவ்விடத்து மாடுகளைத் தடுத்தாலே பெரும்பாலும் போதுமானது.

ஆகவே, கரையோர வட்டைகளின் கமக்காரர் அமைப்புகள் அடுத்த பெரும்போக ஆரம்பக் கூட்டத்திலேயே, வயலுக்கும் வாவிக்கும் இடையே எஞ்சியுள்ள காட்டின் எல்லையைக் குறித்து, அதனை ஒதுக்கமாக அளந்து கல்நாட்டுமாறு பிரதேச செயலாளருக்கும் வனப் பாதுகாப்புத் திணைக்களத்துக்கும் எழுத்தில் விண்ணப்பிக்கலாம். மீனவர் சங்கத்தின் கையொப்பமும் அதிற் சேருதல் நன்று. அக்காட்டின் பயனில் அவர்களுக்கும் பாதி உரியது.