சேமியா, இடியாப்பம், மக்ரோனி: பீர்மேட்டுத் தோட்டங்களிலிருந்து ஓர் ஊட்டச்சத்துக் கணக்கு

இடுக்கி மாவட்டத்தின் பீர்மேடு வட்டம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், கம்பம் பள்ளத்தாக்கை ஒட்டி அமைந்துள்ள தேயிலை, ஏலக்காய் நிலப்பகுதியாகும். 1956ஆம் ஆண்டில் மாநிலங்கள் மொழிவாரியாகத் திருத்தி அமைக்கப்பட்டபோது இவ்வட்டம் கேரளத்தில் இடம்பெற்றது. தோட்டங்களில் பல தலைமுறைகளாக உழைத்துவரும் தமிழ்க் குடும்பங்கள் இங்கு ஏராளம். 2000ஆம் ஆண்டையொட்டித் தேயிலை விலை சரிந்து, தோட்டங்கள் சில மூடப்பட்ட பின்னர், இக்குடும்பங்களில் உணவுக்கென ஒதுக்கக்கூடிய தொகை எவ்வளவு என்பதே பெரிய வினாவாயிற்று. ஏலப்பாறை, வண்டிப்பெரியாறு, குமுளி ஆகிய ஊர்களின் கடைகளில் இன்று சேமியா, கேழ்வரகுச் சேமியா, மக்ரோனி, உடனடி நூடுல்ஸ் என வகைவகையான பொட்டலங்கள் கிடைக்கின்றன. காலையில் கொழுந்து பறிக்கப் புறப்படும் பெண்ணுக்கு, பத்து நிமிடத்தில் வெந்துவிடும் சேமியா ஒரு பெரும் வசதி. விறகும் நேரமும் மிச்சமாகின்றன. ஆனால் அதில் உடலுக்குக் கிடைப்பது என்ன?

இவ்வினாவை அலட்சியப்படுத்துவதற்கில்லை. 2019–21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, கேரளத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 36.3 சதவீதத்தினருக்கு இரத்தசோகை உள்ளது. முந்தைய ஆய்வில் இது 34.3 சதவீதமாக இருந்தது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடையே 35.7 சதவீதமாக இருந்தது 39.4 ஆக உயர்ந்துள்ளது. அகில இந்திய அளவான 57 சதவீதத்தை நோக்கப் பெண்களின் நிலை மேலானதே. எனினும் கல்வியிலும் மருத்துவ வசதியிலும் முன்னணியில் நிற்கும் ஒரு மாநிலத்தில் இவ்வெண் இறங்காமல் ஏறுவது கவலைக்குரியது.

உருவம் வேறு, சத்து வேறு

மாவைப் பிசைந்து, துளைகளின் வழியே அழுத்திப் பிழிந்து, நூலாகவோ குழலாகவோ ஆக்கும் பண்டங்கள் யாவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இத்தாலியர் பாஸ்தா என்பதும், நாம் சேமியா என்பதும், இடியாப்பம் என்பதும் அடிப்படையில் ஒரே செய்முறையின் பிள்ளைகளே. சுருள், குழல், சிப்பி, நூல் என்னும் வடிவ வேறுபாடுகளால் புரதமோ இரும்புச் சத்தோ ஓர் அணுவளவும் மாறுவதில்லை. மாறுவது வேகும் நேரமும், குழம்பை ஏந்திக்கொள்ளும் திறனும் மட்டுமே. சத்தைத் தீர்மானிப்பது எந்தத் தானியத்தின் மாவு, அது எவ்வளவு தீட்டப்பட்டது என்பவை. கோதுமை மணியின் தவிட்டிலும் முளையிலுமே இரும்புச் சத்து, நார்ச்சத்து, பி வகை வைட்டமின்கள் ஆகியவற்றின் பெரும்பகுதி உள்ளது. மைதா அரைக்கும்போது அவை மாட்டுத் தீவனத்திற்குப் போய்விடுகின்றன.

இத்தாலியில் உலர் பாஸ்தாவைத் துரம் என்னும் கடினக் கோதுமையின் ரவையிலிருந்தே செய்யவேண்டும் என்று 1967ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. நம் நாட்டில் இவ்வகைக் கோதுமை மத்தியப் பிரதேசத்திலும் குஜராத்தின் பால் பகுதியிலும் விளைகிறது. துரம் ரவையின் பசைப்புரதம் உறுதியானது. ஆகவே வெந்த பின்னும் இழை குழையாது, மாவுச்சத்தும் மெல்லவே செரிக்கும். நீரிழிவு நோயாளருக்கு இது ஓரளவு நன்மை தருவதே. ஆனால் துரம் ரவையும் தவிடு நீக்கியதுதான். மஞ்சள் நிறத்தைக் கண்டு அதை முழுத் தானியம் என்று எண்ணிவிடலாகாது.

அட்டவணை சொல்வது

இந்திய உணவுகளின் சத்து மதிப்பை முதன்முதலில் முறையாகத் தொகுத்த இடம் நீலகிரியின் குன்னூர் என்பதைத் தமிழ் மாணவர்கள் அறிந்திருத்தல் நலம். அங்கிருந்த ஆய்வுக்கூடத்தின் சார்பில் ஏக்ராய்டு 1937இல் வெளியிட்ட நூலே பின்னாளைய அட்டவணைகளுக்கு முன்னோடி. பின்னர் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்த அதே அமைப்பு, 2017இல் புதிய அட்டவணையை வெளியிட்டது.

அதன்படி 100 கிராம் மைதாவில் புரதம் 10.4 கிராம், இரும்பு 1.8 மில்லிகிராம், நார்ச்சத்து 2.8 கிராம். முழுக்கோதுமை மாவில் புரதம் 10.6 கிராம், இரும்பு 4.1 மில்லிகிராம், நார்ச்சத்து 11.4 கிராம். புரதத்தில் வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம். இரும்பில் இரு மடங்குக்கு மேலும், நாரில் நான்கு மடங்கும் வேறுபாடு. தீட்டிய பச்சரிசியில் புரதம் 7.9 கிராம், இரும்பு 0.65 மில்லிகிராம் மட்டுமே. கேழ்வரகில் புரதம் 7.2 கிராம்தான். ஆனால் இரும்பு 4.6 மில்லிகிராமும், சுண்ணாம்புச் சத்து 364 மில்லிகிராமும் உள்ளன. அரிசியில் சுண்ணாம்புச் சத்து 7.5 மில்லிகிராம் என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கேழ்வரகுச் சேமியா என்ற பெயரைக் கண்டவுடன் இந்த 364ஐ நம்பிவிடக் கூடாது. கேழ்வரகில் பசைப்புரதம் இல்லாமையால் தனித்துப் பிழிந்தால் இழை எளிதில் நொறுங்கும். எனவே கோதுமை மாவைக் கலப்பது வழக்கம். கேழ்வரகு 30 பங்கும் மைதா 70 பங்கும் உள்ள ஒரு பொட்டலத்தில் சுண்ணாம்புச் சத்து 100 கிராமுக்கு ஏறத்தாழ 123 மில்லிகிராமாக இறங்கிவிடும். கலப்பில் குற்றமில்லை. அது எவ்வளவு என்பதை வாங்குவோர் அறியவேண்டும். உட்பொருள்களை எடை மிகுந்ததிலிருந்து குறைந்தது வரை வரிசையாக அச்சிடவேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு விதிகள் கூறுகின்றன. பட்டியலில் முதற்பெயர் மைதாவாக இருந்தால், பொட்டலத்தின் முகப்பில் கேழ்வரகுக் கதிர் எவ்வளவு பெரிதாக வரையப்பட்டிருந்தாலும் அது பெரும்பாலும் மைதாச் சேமியாவே.

மற்றொரு மயக்கமும் உண்டு. பொட்டலத்தின் எண்கள் உலர்ந்த பண்டத்திற்கு உரியவை. வெந்த பாஸ்தா நீரை உறிஞ்சி இரு மடங்குக்கு மேல் எடை கூடுகிறது. உலர்ந்த 100 கிராமில் ஏறக்குறைய 350 கலோரி இருக்க, வெந்த 100 கிராமில் 150ஐ ஒட்டியே இருக்கும். வெந்த இடியாப்பத்தை உலர்ந்த மக்ரோனியோடு ஒப்பிட்டு, முன்னது சத்தற்றது என முடிவு கட்டுவோர் படித்தவரிடையேயும் உள்ளனர்.

உடனடி நூடுல்ஸ் தனி வகை. பெரும்பாலானவை எண்ணெயில் பொரித்தே நீர் அகற்றப்படுவதால் கொழுப்பு 15 சதவீதத்தை ஒட்டியோ அதற்கு மேலோ நிற்கிறது. மசாலாப் பொடியில் உப்பும் மிகுதி. பள்ளிப் பிள்ளைகளின் அன்றாட உணவாக அதைக் கருதுவதற்கு இடமில்லை.

ஒரு தட்டின் கணக்கு

ஒரு வேளைக்கு உலர்ந்த நிலையில் 75 கிராம் எனக் கொள்வோம். மைதாச் சேமியாவில் புரதம் 7.8 கிராம், இரும்பு 1.3 மில்லிகிராம் கிடைக்கும். முழுக்கோதுமைச் சேமியாவில் 7.9 கிராமும் 3.1 மில்லிகிராமும். பச்சரிசி இடியாப்பத்தில் 6 கிராமும் அரை மில்லிகிராமும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, வயது வந்த பெண்ணுக்கு நாளொன்றுக்குத் தேவையான புரதம் 46 கிராம், இரும்பு 29 மில்லிகிராம். இத்தட்டுகள் எதுவும் தனித்து நின்று தேவையில் உரிய பங்கை நிறைவேற்றப் போதாது என்பது தெளிவு.

இனி, பின்தங்கி நின்ற அதே இடியாப்பத்தோடு 30 கிராம் கறுப்புக் கொண்டைக்கடலையை வேகவைத்துச் சேர்ப்போம். கேரளத்தில் புட்டுக்கும் இடியாப்பத்திற்கும் கடலைக்கறி துணையாவது பழைய வழக்கமே. புரதம் 11.6 கிராமாகவும், இரும்பு 2.5 மில்லிகிராமாகவும் உயர்கின்றன. நார்ச்சத்தும் 10 கிராமை எட்டுகிறது. விலை மிகுந்த முழுக்கோதுமைப் பாஸ்தாவைத் தனியே உண்பதைவிட, சாதாரண அரிசி இடியாப்பத்தைக் கடலைக்கறியோடு உண்பது புரதத்தில் ஒன்றரை மடங்கு மேல். நாரில் சற்று மேல். இரும்பில் சற்றே குறைவு. புரதத்தின் தரமும் கூடுகிறது. தானியங்களில் குறைவான லைசின் என்னும் அமினோ அமிலம் பருப்பு வகைகளில் நிறைந்திருப்பதால், இரண்டும் ஒன்றையொன்று நிரப்புகின்றன. ஒரு முட்டை சேர்த்தாலும் 6 கிராமுக்குக் குறையாமல் புரதம் கூடும்.

ஆகவே, எந்தச் சேமியா என்பதைவிடச் சேமியாவோடு எது என்பதே முதல் வினாவாதல் வேண்டும். ஊட்டச்சத்துப் பிரசாரங்களில் இவ்வரிசை தலைகீழாகிவிடுவதை அடிக்கடி காண்கிறோம். பருப்பு வாங்கவேண்டிய பணத்தில் சிறப்புப் பொட்டலம் வாங்கவைப்பது ஏழைக் குடும்பத்திற்குச் செய்யும் உதவியாகாது.

வேகவைக்கும் முறையும் கணக்கில் சேரும். நிறைந்த நீரில் வேகவிட்டு வடித்தால் பி வைட்டமின்களில் ஒரு பகுதி நீரோடு போய்விடும். அளவான நீரில் சுண்டவைக்கும் உப்புமாவிலும், ஆவியில் வேகும் இடியாப்பத்திலும் அந்த இழப்பு இல்லை. பாலக்காட்டுப் பக்கம் புழுங்கலரிசியை ஊறவைத்து அரைத்துப் பிழியும் சேவைக்கு மற்றொரு சிறப்பு உண்டு. நெல்லைப் புழுக்கும்போது உமியடித் தவிட்டிலுள்ள தயமின் அரிசியின் உட்பகுதிக்கு ஊடுருவுகிறது. பழைய அட்டவணைகளில் தீட்டிய பச்சரிசிக்கு 0.06 மில்லிகிராமும், தீட்டிய புழுங்கலரிசிக்கு 0.21 மில்லிகிராமும் குறிக்கப்பட்டுள்ளன.

தேயிலை நாட்டில் சொல்லியே ஆகவேண்டிய செய்தி ஒன்று உண்டு. தானிய உணவிலுள்ள இரும்பில் ஏறத்தாழ 8 சதவீதமே உடலில் ஏறும் எனக் கொண்டே மேற்கண்ட 29 மில்லிகிராம் வகுக்கப்பட்டது. உணவோடு அருந்தும் கட்டன் சாயாவிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் இச்சிறு பங்கையும் குறைத்துவிடும். சேமியாவின் மேல் பிழியும் அரை எலுமிச்சம்பழமோ, உடன் உண்ணும் நெல்லிக்காயோ வைட்டமின் சி வழியாக அதைக் கூட்டும். உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விடுவது எவ்விதச் செலவும் இல்லாத திருத்தம். காலை உணவும் தேநீரும் ஒரே இடைவேளையில் முடிந்தாகவேண்டிய தோட்ட வேலைமுறையில் இது தொழிலாளியால் மட்டும் ஆகக்கூடிய செயலன்று. நிர்வாகமும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

மரவள்ளி மக்ரோனியும் செறிவூட்டிய அரிசியும்

பிழியும் இயந்திரத்தின் மூலம் சத்துக்குறையைப் போக்கும் எண்ணம் புதிதன்று. இரண்டாம் உலகப் போரின்போது 1942இல் பர்மா அரிசி நின்றுபோனதால் திருவிதாங்கூர் மரவள்ளிக் கிழங்கை நம்பி வாழ்ந்தது. வயிறு நிறைந்தது, ஆனால் பச்சைக் கிழங்கில் புரதம் மிகக் குறைவு. 1950இல் மைசூரில் தொடங்கப்பெற்ற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், முதல் இயக்குநர் வி. சுப்பிரமணியனின் தலைமையில் இக்குறையை எடுத்துக்கொண்டது. மரவள்ளி மாவுடன் கோதுமை ரவையையும் எண்ணெய் நீக்கிய நிலக்கடலை மாவையும் கலந்து மரவள்ளி மக்ரோனி உருவாக்கப்பட்டது. அரிசி வடிவிலும் இத்தகைய பண்டம் செய்யப்பட்டுச் செயற்கை அரிசி எனப் பெயர் பெற்றது. அறிவியல் நோக்கில் அது சிறந்த முயற்சி. ஆயினும் வீட்டுச் சமையலில் நிலைபெறவில்லை. அரிசி கேட்டவருக்கு அரிசி போன்ற ஒன்றை, அதுவும் செயற்கை என்ற பெயரோடு கொடுத்தால் மனம் ஏற்பது எளிதன்று என்பதே நம் கருத்து.

அதே தொழில்நுட்பம் அரை நூற்றாண்டுக்குப் பின் வேறு வடிவில் திரும்பியது. 2021 சுதந்திர தின உரையில் அறிவிக்கப்பட்ட செறிவூட்டிய அரிசித் திட்டம், 2024 மார்ச்சுக்குள் நாடெங்கிலுமுள்ள பொது விநியோக முறைக்கு விரிவாக்கப்பட்டது. அரிசி மாவுடன் இரும்பு, போலிக் அமிலம், பி12 ஆகியவற்றைக் கலந்து, இயந்திரத்தில் அழுத்திப் பிழிந்து, அரிசி மணியின் அளவுக்கு நறுக்கி உலர்த்தி, சாதாரண அரிசியில் நூற்றுக்கு ஒன்று என்னும் அளவில் சேர்த்தனர். கலந்த அரிசியில் கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் வரை இரும்பு இருத்தல் வேண்டும் என்பது விதி. அந்த மணி, சொல்லப்போனால், அரிசி உருவில் நறுக்கிய இடியாப்பமே.

நிறத்திலும் பளபளப்பிலும் சற்று வேறுபட்ட அம்மணிகளைப் பிளாஸ்டிக் அரிசி என ஐயுற்றுப் பல மாநிலங்களில் மக்கள் பொறுக்கி எறிந்தனர். இரும்புச் சத்து எந்த மணியில் இருந்ததோ அந்த மணியே குப்பைக்குப் போயிற்று. நியாயவிலைக் கடையில் ஒட்டிய அறிவிப்புகளில் நுண்ணூட்டம், செறிவூட்டல் என்னும் சொற்கள் இருந்தன. அரிசி மாவைப் பிசைந்து, மருந்துச் சத்து சேர்த்து, நாழியில் பிழிந்து நறுக்கியது என்று எழுதியிருந்தால், லயத்து அடுப்படியில் நாள்தோறும் அதையே செய்யும் பெண்ணுக்கு விளக்கம் வேறு தேவைப்பட்டிராது.

அதே நாழி வீட்டிலும் பயன்படும். பச்சரிசி மாவும் கேழ்வரகு மாவும் சரிபாதியாகக் கலந்து கொதிநீர் விட்டுப் பிசைந்தால் இழை பெரிதும் முறியாமல் இடியாப்பம் வரும். 75 கிராம் கலவையில் சுண்ணாம்புச் சத்து ஏறத்தாழ 140 மில்லிகிராம்; தனிப் பச்சரிசியில் 6 மில்லிகிராமுக்கும் குறைவு. நிறம் சற்றுக் கறுக்கும். குழந்தைகள் முகம் சுளித்தால், கேழ்வரகை முதலில் நான்கில் ஒரு பங்காகச் சேர்த்துப் படிப்படியாகக் கூட்டலாம்.