12 ஆயிரம் ரூபாயில் ஒரு மாதம்!
ஆஸ்பத்திரி உதவியாளர் வீட்டு வரவு-செலவு

காலை 6 மணி. ஏற்காடு மலையில் இன்னும் மூடுபனி விலகவில்லை. அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் ஒரு டவுன் பஸ் வந்து நிற்கிறது. கன்னங்குறிச்சிப் பக்கமிருந்து வந்த பெண்கள் சிலர் அவசரமாக இறங்குகிறார்கள். ஆளுக்கு ஒரு பை. பைக்குள் மடித்து வைத்த கோட்டு, சோற்றுப் பாத்திரம், தண்ணீர்ப் பாட்டில்.

ரோட்டின் எதிர்ப்பக்கம் வேறு சில பெண்கள் பஸ்சுக்காக நிற்கிறார்கள். அவர்கள் கையிலும் அதே மாதிரிப் பை. ஆனால் சோற்றுப் பாத்திரம் காலி. அவர்கள் இரவு "டூட்டி" முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள்.

இவர்கள் நர்சுகள் அல்ல. நர்சுகளுக்கு உதவியாக இருப்பவர்கள். "நர்சிங் அசிஸ்டென்ட்" என்பது இவர்களுடைய வேலையின் பெயர்.

நோயாளிகளுக்கு இந்த வேறுபாடு தெரியாது. வெள்ளைக் கோட்டைக் கண்டால் "சிஸ்டர்!" என்று கூப்பிடுவார்கள். கிராமத்துப் பாட்டிகள், "ஏங்கண்ணு, கொஞ்சம் சாய்ச்சுப் படுக்க வையி" என்பார்கள். சம்பளம் வாங்கும் நாளில்தான் வேறுபாடு தெரியும்.

என்ன வேலை?

படுத்த படுக்கையாகக் கிடக்கும் நோயாளியை 2 மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகிலும் இடுப்பிலும் புண் வந்துவிடும். 70 கிலோ ஆளை 45 கிலோ பெண் புரட்டுகிறாள். இரவு முழுவதும் இதே வேலை என்றால், விடியும்போது அவளுடைய இடுப்பு என்ன ஆகும்?

வெந்நீரில் துணியை நனைத்து நோயாளியின் உடம்பைத் துடைக்க வேண்டும். படுக்கை விரிப்பை மாற்ற வேண்டும். மலம், சிறுநீர் எடுக்க வேண்டும். காய்ச்சல் எவ்வளவு என்று பார்த்து எழுத வேண்டும். "டிரிப்" தீரப் போகிறதா என்று கவனித்து நர்சிடம் சொல்ல வேண்டும். சக்கர நாற்காலியில் வைத்து எக்ஸ்-ரே எடுக்கத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். மாவுக்கட்டுப் போட்ட பையனுக்குச் சோறு ஊட்ட வேண்டும். இறந்து போனவரின் உடலைச் சுத்தம் செய்து, தாடையைக் கட்டி, உறவினரிடம் ஒப்படைப்பதும் இவர்களே.

பெற்ற பிள்ளைகளே முகம் சுளிக்கும் வேலை. இதை முகம் சுளிக்காமல் செய்கிறவர்களுக்குத்தான் ஆஸ்பத்திரியிலேயே குறைந்த சம்பளம்!

கையில் வருவது எவ்வளவு?

சிறிய ஆஸ்பத்திரிகளில் ஒரு மாதிரி, பெரிய ஆஸ்பத்திரிகளில் ஒரு மாதிரி. மாதம் 12 ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டால் விஷயம் விளங்கும்.

12 ஆயிரம் முழுதாகக் கைக்கு வராது. சேமநல நிதிக்கு (பி.எப்.) நூற்றுக்கு 12 வீதம் 1,440 ரூபாய் பிடிப்பார்கள். இ.எஸ்.ஐ.க்கு நூற்றுக்கு முக்கால் வீதம் 90 ரூபாய். மிச்சம் 10,470 ரூபாய். ஒரு நாளைக்கு 349 ரூபாய்!

வீட்டில் கணவன், இரண்டு பிள்ளைகள், மாமியார். கணவனுக்கு வெள்ளிப் பட்டறையில் வேலை. சேலம் கொலுசு ஊரெல்லாம் பேர் பெற்றது. ஆனால் வெள்ளி விலை திடீரென்று ஏறினால் பட்டறையில் ஆர்டர் குறையும். ஆர்டர் குறைந்தால் கூலி குறையும். ஆகையால் மாதா மாதம் நிச்சயமாக வருவது மனைவியின் சம்பளம் ஒன்றுதான்.

வாடகை 4 ஆயிரம். மிச்சம் 6,470. பால், சமையல் கேஸ், மின்சாரம் மூன்றுக்கும் 1,800. மிச்சம் 4,670. ரேஷன் அரிசி இருப்பதால் அரிசிச் செலவு பாதி குறைகிறது. பருப்பு, எண்ணெய், காய்கறி, சோப்பு எல்லாம் சேர்த்து 3 ஆயிரம். மிச்சம் 1,670. பிள்ளைகளின் நோட்டு, பேனா, செல்போன் கட்டணம், மாமியாரின் சர்க்கரை மாத்திரை 800. மிச்சம் 870.

சீட்டுப் பணம் மாதம் 1,000.

130 ரூபாய் துண்டு விழுகிறது!

இதில் துணிமணி இல்லை. தீபாவளி இல்லை. யாருக்கும் காய்ச்சல் வரவில்லை. சொந்தக்காரர் வீட்டில் கலியாணம் நடக்கவில்லை. இப்படி ஒரு மாதம் எந்தக் குடும்பத்திலாவது உண்டா?

மின்சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2016-ம் ஆண்டில் தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம் என்று அறிவிப்பு வந்தது. சொந்த வீட்டுக்காரருக்கு அது லாபம். வாடகை வீட்டில் இருப்பவருக்கோ, "யூனிட்டுக்கு இவ்வளவு" என்று வீட்டுக்காரர் தனியாக ஒரு கணக்கு வைத்திருப்பார். அந்த 100 யூனிட் எங்கே போயிற்று என்று கேட்டால், வேறு வீடு பார்க்க வேண்டியதுதான்.

பஸ் செலவு என்று எதுவும் இந்தக் கணக்கில் இல்லை. 2021 மே 8-ந் தேதி அரசு சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாத பயணம் தொடங்கியது. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அதனால் கிடைத்த நன்மை பெரிது. ஆனால் இரவு 9 மணிக்கு மேல் "டூட்டி" முடிந்தால் ஆட்டோதான். பகலில் மிச்சப்பட்டதை இரவில் ஆட்டோக்காரரிடம் கொடுத்துவிட வேண்டியிருக்கிறது.

துண்டு விழுந்தால்?

மூன்று வழிகள் உண்டு. கொலுசுக்கு மணி கோர்க்கும் வேலையை வீட்டுக்கு வாங்கி வந்து செய்வது ஒன்று. வயதானவர்களை வீட்டில் கவனித்துக்கொள்ள இரவு நேரத்தில் போவது இன்னொன்று. பகலில் ஆஸ்பத்திரி, இரவில் யாரோ ஒருவர் வீட்டுத் தாத்தா. தூங்குவது எப்போது? பஸ்சில்தான்.

மூன்றாவது வழி கடன். இதில்தான் குடும்பங்கள் வழுக்கி விழுகின்றன.

நூற்றுக்கு 5 ரூபாய் வட்டி என்பார்கள். கேட்பதற்குச் சின்னத் தொகைதான். ஆனால் அது மாத வட்டி. 10 ஆயிரம் வாங்கினால் மாதம் 500, ஆண்டுக்கு 6 ஆயிரம். இரண்டு ஆண்டு வட்டி மட்டும் கட்டினால் 12 ஆயிரம் போய்விடும். அசல் 10 ஆயிரம் அப்படியே நிற்கும்! கந்துவட்டியைத் தடுக்க 2003-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. ஆனால் நடு இரவில் குழந்தைக்கு வலிப்பு வந்தால் யார் சட்டப் புத்தகத்தைப் பார்க்கிறார்கள்?

இதற்கு மாற்றாக வந்தவைதான் மகளிர் சுய உதவிக் குழுக்கள். 1989-ல் பக்கத்துத் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கி, அடுத்த சில ஆண்டுகளிலேயே சேலம் மாவட்டத்துக்கு வந்த திட்டம் அது. குழுவில் கடன் வாங்கினால் வட்டி மிகவும் குறைவு. ஆனால் வாரக் கூட்டத்துக்குப் போக வேண்டும். 12 மணி நேர "டூட்டி" பார்க்கிறவளுக்கு அதுதான் கஷ்டம். மருமகளுக்குப் பதிலாக மாமியார் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பார்.

பிடித்த பணம் எங்கே போகிறது?

"1,440 ரூபாய் பிடித்து விட்டார்களே" என்று வருந்துகிறவர்கள் பலர். பிடிக்காமலே இருந்தால்தான் வருந்த வேண்டும்!

இவள் கட்டும் 1,440 ரூபாய்க்கு முதலாளியும் 1,440 ரூபாய் கட்ட வேண்டும். அதில் சுமார் 1,000 ரூபாய் ஓய்வூதியக் கணக்குக்கும், மிச்சம் 440 ரூபாய் இவளுடைய சேமநல நிதிக்கும் போகும். ஆக மாதம் 1,880 ரூபாய், ஆண்டுக்கு 22,560 ரூபாய் வட்டியோடு சேருகிறது. 10 ஆண்டு சந்தா கட்டியிருந்தால் 58 வயதில் ஓய்வூதியம் உண்டு. 20 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் இது கட்டாயம்.

90 ரூபாய் இ.எஸ்.ஐ. இன்னும் பெரிய காரியம் செய்கிறது. முதலாளி 390 ரூபாய் கட்ட வேண்டும். மாதச் சம்பளம் 21 ஆயிரம் ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இந்தத் திட்டம். குடும்பத்துக்கு வைத்தியம் உண்டு. நோயால் வேலைக்குப் போக முடியாவிட்டால் ஆண்டில் 91 நாள் வரை சம்பளத்தில் நூற்றுக்கு 70 வீதம் கிடைக்கும். முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரம் சம்பளத்தோடு ஓய்வு.

வேலையில் காயம் பட்டால் நூற்றுக்கு 90 வீதம். இந்தத் தொழிலில் காயம் என்றால் பெரும்பாலும் ஊசிக் குத்துதான். குப்பைப் பையைக் கட்டும்போது, உள்ளே யாரோ போட்ட ஊசி கையில் ஏறிவிடும். உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். மேலதிகாரியிடம் சொல்லி எழுதி வைக்க வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன். மஞ்சள் காமாலை வகைகளில் ஒன்றான "ஹெபடைடிஸ் பி"க்கு முன்கூட்டியே மூன்று ஊசி போட்டுக்கொள்ளலாம். "வேலை போய்விடுமோ" என்று பயந்து ஊசி குத்தியதை மறைக்கிறவர்கள் உண்டு. மறைத்தால் நஷ்டஈடும் இல்லை, மருந்தும் இல்லை.

சம்பளச் சீட்டு கொடுக்காமல் கையில் பணமாகக் கொடுக்கும் இடங்களில் இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. 500 ரூபாய் கூடக் கிடைக்கிறதே என்று அங்கே போகிறவர்கள், என்ன இழக்கிறோம் என்று ஒரு தடவை கணக்குப் பார்ப்பது நல்லது.

குறித்த நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் அந்த நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் தர வேண்டும். 1948-ம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்திலேயே கூடுதல் நேரக் கூலிக்கு வழி இருந்தது. 2019-ல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பு இரட்டைச் சம்பளம் என்றே சொல்கிறது. ஆனால் மாற்று ஆள் வராத இரவில், "நீயே இருந்து பார்த்துக்கம்மா" என்ற ஒரு சொல்லில் அந்தச் சட்டம் முடிந்து போகிறது.

நர்சுகளுக்கு நடந்தது

நர்சுகளின் சம்பளமும் நீண்ட காலம் இப்படித்தான் இருந்தது. அவர்களுடைய சங்கம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 2016 ஜனவரி 29-ந் தேதி கோர்ட்டு உத்தரவிட்டது. அதன்படி அமைந்த கமிட்டி, 50 படுக்கைக்குக் குறைவான ஆஸ்பத்திரியிலும் நர்சின் சம்பளம் 20 ஆயிரத்துக்குக் குறையக் கூடாது என்று சொன்னது. 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசாங்க நர்சின் சம்பளமே தர வேண்டும் என்றது.

கேரளத்தில் நர்சுகள் போராடினார்கள். 2018 ஏப்ரலில் அந்த அரசு 20 ஆயிரம் ரூபாய் அடிப்படைச் சம்பளம் என்று அறிவித்தது. தமிழ்நாட்டில், 2015-ல் மாதம் 7,700 ரூபாய்க்கு ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட அரசு நர்சுகள் 2017 நவம்பரில் சென்னையில் போராட்டம் நடத்தினார்கள். பின்னால் சம்பளம் உயர்ந்தது.

உதவியாளருக்கு என்ன ஆயிற்று? அந்தக் கமிட்டியின் சிபாரிசு நர்சுகளுக்குத்தான். வேலை செய்யும்போது நர்சுக்கு அடுத்தவள். சம்பளம் பேசும்போது யாருக்கும் நினைவில் இல்லை.

நர்சுகளுக்குப் பதிவு உண்டு. 1926-ம் ஆண்டின் சட்டப்படி அமைந்த கவுன்சிலில் பெயரைப் பதிந்துகொள்கிறார்கள். உதவியாளருக்கு அந்தப் பதிவு கிடையாது. ஆகையால் ஊசி போடுவது அவளுடைய வேலை அல்ல. ஆனால் ஆள் பற்றாத சின்ன இடங்களில் "நீயே போட்டுவிடு" என்று சொல்லிவிடுகிறார்கள். ஏதாவது தவறு நடந்தால் மாட்டிக்கொள்வது யார்? "எனக்கு அந்த வேலை தெரியாதுங்க" என்று சொல்லத் துணிவு வேண்டும். மாதக் கடைசியில் அந்தத் துணிவு வருவது கடினம்.

மகளின் படிப்பு

பிளஸ்-2 முடித்தவர்கள் 3 ஆண்டு டிப்ளமா படித்தால் நர்சு ஆகலாம். 4 ஆண்டு பி.எஸ்சி. படிப்பும் இருக்கிறது. அஸ்தம்பட்டியிலிருந்து பஸ்சில் போகும் தூரத்தில்தான் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் செலவு குறைவு. தனியாரில் என்றால் லட்சக் கணக்கு.

30 வயதுக்கு மேல் தாய்மார்கள் இதை நினைத்துப் பார்ப்பதில்லை. அவர்கள் நினைப்பதெல்லாம் மகளைப் பற்றித்தான். 2022 செப்டம்பரில் தொடங்கிய "புதுமைப் பெண்" திட்டத்தில், அரசுப் பள்ளியில் 6 முதல் பிளஸ்-2 வரை படித்த பெண்கள் மேலே படிக்க மாதம் 1,000 ரூபாய் கிடைத்தது. 10,470 ரூபாயில் குடும்பம் நடத்தும் வீட்டில் அந்த 1,000 ரூபாய் சின்னத் தொகை அல்ல.

மகளுக்குப் பிளஸ்-2 பரீட்சை முடிந்துவிட்டது. மார்க்கு வந்தவுடன் விண்ணப்பம் போட வேண்டும். அரசு இடம் கிடைத்தாலும் துணி, புத்தகம், விடுதி என்று முதல் மாதமே கையில் பணம் வேண்டும். அதற்காகத்தான் துண்டு விழுந்தாலும் நிறுத்தாமல் அந்த 1,000 ரூபாய்ச் சீட்டு. ஆனால் சீட்டு ஏலம் ஆடி மாதம்தான். விண்ணப்பம் அதற்கு முன்பே வந்துவிடும்.

காதில் இருக்கும் தோட்டைக் கழற்றி வங்கியில் வைக்கலாமா, அல்லது இன்னும் இரண்டு மாதம் இரவில் அந்தத் தாத்தா வீட்டுக்குப் போகலாமா? கன்னங்குறிச்சி பஸ்சில் ஜன்னல் ஓரம் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருக்கும் பெண்கள் எல்லோரும் தூங்குகிறார்கள் என்று சொல்ல முடியாது.