இரண்டு வகை நரம்புகள்

கோபாலபுரம் கேரள - தமிழ்நாடு எல்லையில் உள்ள ஊர். பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு செல்லும் வழியில் இருக்கிறது. சுற்றிலும் தென்னந்தோப்புகள். சற்றுத் தள்ளி முதலமடை மாந்தோப்புகள். தெற்கே இடுக்கி மலையில் ஏலத் தோட்டங்கள். தோட்டங்களில் பூச்சி மருந்து அடிக்கும் வேலையும் உண்டு.

மருந்து அடிப்பவர் முதுகில் டேங்க்கைச் சுமக்கிறார். கைப்பிடியை மேலும் கீழும் அசைக்கிறார். மரத்துக்கு மரம் நடக்கிறார். இவை அவர் நினைத்துச் செய்யும் வேலைகள். மூளையின் கட்டளையைக் கை, கால் தசைகளுக்குக் கொண்டு செல்பவை உடல் நரம்புகள். தோலில் படும் சூடு, குளிர், வலியை மூளைக்குச் சொல்பவையும் இவையே.

அதே நேரத்தில் அவருடைய இதயம் துடிக்கிறது. காலையில் குடித்த கஞ்சி செரிக்கிறது. வேர்வை வருகிறது. வெயிலில் கண்ணின் பாவை சுருங்குகிறது. இவற்றை யாரும் நினைத்துச் செய்வதில்லை. நாம் தூங்கும்போதும் இதயம் நிற்பதில்லை. இந்த வேலைகளைக் கவனிப்பவை தானியங்கு நரம்புகள். இவற்றில் இரண்டு பிரிவுகள் உண்டு. நாம் பயந்தால் ஒன்று இதயத்தை வேகப்படுத்தும். ஓய்வு நேரத்தில் மற்றது இதயத்தை மெதுவாக்கும், செரிமானத்தைக் கூட்டும்.

நரம்பு ஒரு வேதிப்பொருளை விட்டுத்தான் செய்தி சொல்கிறது. செய்தி சேர்ந்ததும் உடல் அந்தப் பொருளை அழித்துவிடும். சில பூச்சி மருந்துகள் அப்படி அழிக்க விடாமல் தடுக்கின்றன. திறந்த குழாயை மூட முடியாதது போல் செய்தி ஓடிக்கொண்டே இருக்கும்.

அப்போது தானியங்கு நரம்புகள் கெடும். எச்சில், கண்ணீர், வேர்வை பெருகும். வாந்தி, பேதி வரும். கண்பாவை ஊசிமுனை போலச் சுருங்கும்; பார்வை மங்கும். உடல் நரம்புகளும் கெடும். தசை துடிக்கும், பிறகு தளரும். மூச்சு விட உதவும் தசைகளும் தளர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

இதை வெறும் வெயில் மயக்கம் என்று விட்டுவிடக் கூடாது. அவரை நல்ல காற்றுள்ள இடத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும். மருந்து பட்ட துணியைக் கழற்றி, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். உதவுபவர் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உடனே 108-க்குச் சொல்ல வேண்டும். மருந்துப் புட்டியின் சீட்டையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும். மருந்தின் பெயர் தெரிந்தால் டாக்டருக்கு உதவும்.

புட்டியில் சிவப்பு முக்கோணம் இருந்தால் அது மிகக் கொடிய நஞ்சு. மஞ்சள் அதற்கு அடுத்தது. பிறகு நீலம், பச்சை. பச்சையும் நஞ்சுதான். காற்றுக்கு எதிராக நின்று மருந்து அடிக்கக் கூடாது. கை கழுவாமல் சாப்பிடவோ பீடி பிடிக்கவோ கூடாது.

புட்டியைத் திறக்கும் முன் சீட்டைப் படியுங்கள். படித்த எழுத்து உயிரைக் காக்கும்.